நான்காவது ஏஜென்ட்

அத்தியாயம் ஏழு

பெண்டாட்டி கெட்டவள் என்று நிரூபித்துத் தரச் சொல்லி மூக்கியின் ஆபீஸ் படியேறிய புருஷன்மார் ஏராளம். நல்லவள் என்று நிரூபித்துத் தரச் சொல்லி வந்தவர் ஒரே ஒருத்தர்தான். ரேடியோ அவரை முதலில் நம்பவில்லை. மாடி மாறி வந்துவிட்டார் போலிருக்கிறது, பல் டாக்டர் கீழே இருக்கிறார் என்று வழி சொல்லி அனுப்பப் பார்த்தான்.

மூக்கி என்பது அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் தீய்வதை அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும் மூக்குக்காகத் தெரு வைத்த பெயர். ரேடியோவுக்கு அவன் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். துப்பறிவாளரின் உதவியாளன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். மூக்கி வாயால் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வந்தவர் ஒரு மெஷின்காரர். கிடங்குகளின் கதவுகளுக்கு மின்பூட்டு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி ஒன்றில் எழுதியதைச் சேர்த்துப் பொட்டலமாக்கும் மெஷினைக் கட்டி மேய்க்கிற உத்தியோகம். மனைவிக்கும் அதே கம்பெனிதான். அவள் பச்சைக் கிடங்குக்கு எழுதும் டீமின் தலைவி. பக்கத்து மேஜையில் நீலக் கிடங்குக்கு எழுதும் டீம். பச்சையும் நீலமும் மருந்துக் கிடங்குகள், ஒரே தெரு, ஒன்றின் முகத்தில் மற்றது விழிக்காத பகை.

போன வாரம் பச்சைக் கிடங்குக்குப் போன புதுப் பொட்டலத்தால் அங்கே ஒரு கதவும் திறக்கவில்லை. பூட்டுக்காரர் என்ன கோளாறு என்று பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது நீலக் கிடங்கின் மூலச் சாவிக் கோப்பு. அந்தக் கோப்பு கையில் இருந்தால் நீலக் கிடங்கின் எந்தக் கதவும் வாயைப் பிளக்கும். அனுப்பியவள் பச்சை டீமின் தலைவி. அவளோ முன்பு நீல டீமில் இருந்தவள். போதாதா? பகையாளிக்குச் சாவியை விற்றுவிட்டாள் என்று கம்பெனி முடிவுகட்டி, அவளை வீட்டுக்கு அனுப்பியது. இன்று சாயங்காலம் மேனேஜர் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறார். அவள் வீட்டுக்கும் போகவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போலீஸ் அவள கூட்டிட்டுப் போகக் கூடாது மேடம். அவ திரும்பி வீட்டுக்கு வரணும். அவ்ளோதான்" என்று மெஷின்காரர் சொன்னபோது அவர் சட்டையில் பித்தான்கள் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. அதைச் சரிசெய்யச் சொல்ல வீட்டில் ஆளில்லை என்று ரேடியோ புரிந்துகொண்டான். சாயங்காலத்துக்குள் என்றால் பொழுது இல்லை. கிளம்பினார்கள்.

முதலில் போனது குழந்தைகள் காப்பகத்துக்கு.

"ஏன்க்கா, பாப்பாவையா விசாரிக்கப் போறோம்? அது உண்மைய மட்டுந்தான் சொல்லும், நமக்குத் தொழில் கெட்டுரும்" என்றான் ரேடியோ.

"அந்தம்மா கொஞ்ச மாசமா சீக்கிரம் கிளம்பிப் போறாங்க, எங்க போனாங்களோன்னு கம்பெனி குத்தச்சாட்டுல ஒரு வரி இருக்குல்ல? எங்க போனாங்கன்னு பாப்போம்."

எங்கும் போகவில்லை. காப்பகத்துக்குத்தான் வந்திருக்கிறாள். குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே ஆயா சொன்னாள். அந்த ஆயாவுக்கு ஒரு காது கிடைத்தால் போதும். இரண்டு ஜோடி கிடைத்ததில் முகமே மலர்ந்துவிட்டது.

"முன்னாடியெல்லாம் அந்தப் பாப்பாதாங்க கடைசி. எல்லாப் புள்ளயும் போயிரும். நானும் அதுவும் கேட்டுல உக்காந்திருப்போம். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எந்திரிச்சு நிக்கும். அம்மா இல்லன்னதும் ஒண்ணும் சொல்லாம உக்காந்துக்கும். அழுதாக்கூடப் பரவால்லன்னு இருக்கும் எனக்கு."

"அப்புறம்?"

"திடீர்னு ஒரு நாள் முதல் ஆளா அம்மா வந்து நிக்கிறாங்க! பாப்பாவுக்கே நம்பிக்க இல்ல. 'அம்மா, உனக்கு உடம்பு சரியில்லயா?'ன்னு கேக்குது. அதுல இருந்து தினமும் அவங்கதான் முதல்ல."

"அந்தம்மா காரணம் ஏதாவது சொன்னாங்களா?"

"ஆபீஸ்ல மெஷின் வேகமாயிருச்சாம். மெஷினுக்கு நான் மனசுக்குள்ளயே ஒரு கும்புடு போட்டுக்கிட்டேன்."

தெருவுக்கு வந்ததும் மூக்கி நின்றாள். மூக்கி நிற்கிறாள் என்றால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் பேசினால் திட்டு விழும். ரேடியோ பேசினான்.

"மெஷின் எப்படிக்கா திடீர்னு வேகமாகும்? வயசானா எல்லாம் மெதுவால்ல ஆகும்? எங்க மாமாவப் பாருங்க…"

"உங்க மாமா கதைய அப்புறம் சொல்லு. மெஷின் எல்லாருக்கும் வேகமாச்சா, அந்தம்மாவுக்கு மட்டுமான்னு பாக்கணும். வா."

கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க என்று சொன்ன வேகத்திலேயே போங்க என்றும் சொல்லிவிட நினைத்தவர், மூக்கி உட்கார்ந்துவிட்டதால் வேறு வழியில்லாமல் பேசினார்.

"பாருங்க மேடம், எனக்கும் அந்தப் பொண்ணு மேல மரியாதை உண்டு. ஆனா விசாரணையில எல்லாத்தையும் அலசியாச்சு. மெஷின் ஏதாவது மாத்திப் போட்டிருக்குமான்னுகூடக் கேட்டோம். 'மெஷினுக்குள்ள ஓடுற மூணு ஏஜென்ட்டும் தனித்தனி, கலக்க வாய்ப்பே இல்ல'ன்னு மெஷின்காரரே அடிச்சுச் சொல்லிட்டாரு. அவரு யாரு? அந்தப் பொண்ணோட புருஷன்! புருஷனே சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன மேடம் பண்றது?"

ரேடியோ மூக்கியைப் பார்த்தான். மெஷின்காரர் இவர்களிடம் கொட்டிய ஊர்க் கதையில் இந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது.

"அந்தம்மா அங்க இருந்தாங்களா, அவரு அப்படிச் சொன்னப்ப?" மூக்கி கேட்டாள்.

"எதிர்லதான் உக்காந்திருந்தாங்க. 'ஒரு தடவ தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்களேன்'னு அவர்கிட்ட கேட்டாங்க. 'தேவையே இல்ல, நான் கட்டின மெஷின் எனக்குத் தெரியாதா'ன்னுட்டாரு." மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். "அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஒரு வார்த்த பேசல. அதுவே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?"

"வாயடைச்சுப் போறதுக்கு வேற காரணமும் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு மூக்கி எழுந்தாள்.

நீல டீமில் தாடி வைத்த ஒருவன் இருந்தான். மெஷின் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கும் நேரத்தில் வளர்த்தது என்று தன் தாடியைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான். மூக்கி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர்ல ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் மட்டுந்தான் தெரியும். உங்க மெஷின் என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"சிம்பிள் மேடம். நாங்க எழுதி முடிச்சத மெஷினுக்கு அனுப்புவோம். அதுக்குள்ள பில்ட் ஏஜென்ட்னு ஒண்ணு ஓடிட்டே இருக்கும். அதுதான் வேலக்காரன். வந்தத எடுத்து, சேர்த்து, சோதிச்சு, கடைசில அந்தந்தக் கிடங்கோட சாவிய உள்ள வெச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்துரும். ஒரே மெஷின்ல மூணு ஏஜென்ட் ஓடுது. ஒரே நேரத்துல மூணு பொட்டலம் கட்டலாம்."

"ஒரு வீட்ல மூணு குடித்தனம்" என்றான் ரேடியோ. "எங்க ஆபீஸ்லயும் ரெண்டு ஏஜென்ட் இருக்கோம் தம்பி."

"அதுல ஒண்ணு சத்தம் மட்டும் போடும்" என்றாள் மூக்கி. "சரி, மூணு ஏஜென்ட் உங்களுக்குப் போதுமா?"

"எங்க போதுது? டீம் அதிகம். சாயங்காலம் ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்புவோம். அப்புறம் வரிசதான். டீ குடிச்சு, இன்னொரு டீ குடிச்சு, வீட்டுக்கு ஃபோன் பண்ணித் திட்டு வாங்கி…"

"பச்சை டீம் அக்காவும் உங்க கூட வரிசையில நிப்பாங்களா?"

தாடி கொஞ்சம் யோசித்தான். "முன்னாடி நின்னாங்க. எங்களவிட ஜாஸ்தி புலம்புவாங்க, பாப்பா காத்துட்டிருக்கும்னு. அப்புறம் என்னவோ தெரியல, அவங்க அனுப்பினா மட்டும் உடனே எடுத்துக்கும். பைய மாட்டிட்டுக் கிளம்பிருவாங்க. நல்ல ராசிக்காரங்கன்னு நாங்க பேசிப்போம்."

மூக்கி ரேடியோவைப் பார்த்துச் சொன்னாள்: "வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கால் வலிக்குது. ஒருத்தருக்கு மட்டும் வலிக்கல. அப்படின்னா என்ன?"

"நல்ல செருப்புக்கா."

"யாரோ அவங்களுக்கு மட்டும் ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காங்கடா."

பிறகு தாடியின் பக்கம் திரும்பினாள். "நீங்க நீலக் கிடங்குக்கு அனுப்பினதுல, எதுவாவது கதவு திறக்கலன்னு திரும்பி வந்துச்சா?"

"ஒண்ணு வந்துச்சு, ரெண்டு மூணு வாரம் இருக்கும். மறுபடி பில்ட் ஓட்டினோம், சரியாயிருச்சு. புதுசு அனுப்பிட்டோம்."

"ஏன் சரியில்லாமப் போச்சுன்னு பாத்தீங்களா?"

அந்தக் கேள்வி தாடிக்கு வேற்று மொழிபோல இருந்தது. "மறுபடி ஓட்டினா சரியாயிருச்சே மேடம்! அப்புறம் எதுக்குப் பாக்கணும்? இங்க எல்லாரும் அப்படித்தான்."

"அந்தக் கெட்டுப்போனது இன்னும் இருக்கா? இருந்தா பிரி."

இருந்தது. தூக்கியெறியக்கூடச் சோம்பல்படுகிற டீம். தாடி அலட்சியமாகத்தான் பிரித்தான். பிரித்தவன் நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டான். அந்தப் பொட்டலத்துக்குள் நீலக் கிடங்கின் சாவி இல்லை. பச்சைக் கிடங்கின் சாவி இருந்தது.

"மேடம்… இது எப்படி இங்க வந்துச்சு? சத்தியமா சொல்றேன், அவங்க சாவிய நான் கண்ணால பாத்ததே இல்ல. நான் திருடல மேடம்!"

"நீயும் திருடல, அவங்களும் திருடல" என்றாள் மூக்கி. "என் சட்ட உன் பீரோவுல இருந்தா நீ திருடன். உன் சட்டையும் என் பீரோவுல இருந்தா, ரெண்டு வீட்டுத் துணியும் ஒரே கொடியில காயுதுன்னு அர்த்தம். திருட்டு ஒரு பக்கமாத்தான் போகும். ரெண்டு பக்கமும் போய் வந்தா அது குழப்பம்."

ரேடியோவுக்குத் தாளம் போடத் தோன்றியது. வழக்கு முடிந்த மாதிரிதான்; மேனேஜர் முகத்தில் அந்தப் பொட்டலத்தைக் காட்டினால் புகார் கிழிந்துவிடும். ஆனால் மூக்கி முகத்தில் ஜெயித்த களை இல்லை. "இனிமேதான்டா கஷ்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷின் அறைப் பக்கம் நடந்தாள்.

மெஷின் அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துடைப்பம் வைக்கக் கட்டிய அறை போலிருந்தது. ஏசி மட்டும் ராஜாவுக்குப் போட்ட மாதிரி. நடுவில் விசிறிச் சத்தத்தோடு ஒரே ஒரு மெஷின். அதன்மேல் ஒரு தூசி கிடையாது. மெஷின்காரர் தன் கைக்குட்டையால் துடைப்பாராம். பக்கத்தில் அவர் கையால் வரைந்து ஒட்டிய படம்: மூன்று கட்டங்கள், மூன்றுக்கும் பெயர். மூத்தவன், நடுவிலான், கடைக்குட்டி.

"இவங்கதான் மேடம் என் மூணு ஏஜென்ட்" என்றார் மெஷின்காரர். அவ்வளவு துக்கத்திலும் அந்த மூன்று பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு தகப்பன் தெரிந்தார். "மெஷின் ஒண்ணுதான். ஆனா ஒருத்தன் இடத்துல ஒருத்தன் கால் வெக்க மாட்டான். தனித்தனி ஃபோல்டர், தனித்தனி எல்லாம். நான் கட்டினப்பவே சோதிச்சுப் பாத்தேன். ஒரு வாரம் வீட்டுக்குப் போகாம."

"நாலாவது எங்க?" என்றாள் மூக்கி.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்காரர் கைக்குட்டையை எடுத்தார், எதைத் துடைப்பது என்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தார்.

"யாரு சொன்னா மேடம்?"

"காப்பகத்து ஆயா. அவங்களுக்கே தெரியாது சொன்னோம்னு. திறந்து காட்டுங்க சார்."

அவர் உட்கார்ந்து தட்டினார். திரையில் மூத்தவன் வந்தான், நடுவிலான் வந்தான், கடைக்குட்டி வந்தான். அதற்குக் கீழே, படத்தில் இல்லாத நான்காவது பெயர் வந்தது.

பாப்பா.

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூக்கி அவன் காலை மிதித்தாள்.

"ஒரு நாள் ராத்திரி சாப்பிடுறப்ப அழுதா மேடம்" என்றார் மெஷின்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டுல பாப்பா எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குதாம். ஆயா சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ண முடியும்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப இவள ஓட விட்டேன். பச்சை டீம் வேலைய மட்டும் இவ எடுத்துப்பா. மெஷின்ல இடம் இருந்துச்சு, யாருக்கும் நஷ்டமில்ல."

"மேனேஜர்கிட்ட சொல்லல?"

"பொண்டாட்டிக்குச் சலுகையான்னு கேப்பாரு. அவளுக்குத்தான் கெட்ட பேரு. அவகிட்டயும் சொல்லல, மெஷின வேகமாக்கிட்டேன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் விசாரணை வந்தப்ப எப்படிச் சொல்றது? புருஷன் ரகசியமா ஏஜென்ட் போட்டுக் குடுத்தான், பொண்டாட்டி சாவிய வித்தாள்னு கூட்டுக் களவாணி ஆக்கிருவாங்க. அவள இன்னும் ஆழமா மாட்டி விட்டுருவேனோன்னு பயந்துட்டேன் மேடம்."

"சரி. எப்படிச் செஞ்சீங்க இவள? முதல்ல இருந்து கட்டினீங்களா?"

"நேரம் இல்லயே. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும். கடைக்குட்டியோட ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்தேன். பேர மாத்தினேன். வேல செய்யுற இடத்த மாத்தினேன்."

"இந்தச் சாவி இருக்கே சார், அது எங்க இருந்து வருது?"

"பெட்டகத்துல இருந்து மேடம். அதுல யாரும் கை வெக்க முடியாது. ஏஜென்ட் அத எடுத்து, பொட்டலத்துக்குள்ள வெக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தற்காலிகமா வெக்கிற டெம்ப் ஃபோல்டர்ல…"

நிறுத்திவிட்டார்.

"அதுவும் தனித்தனிதானே?" மூக்கி மெதுவாகக் கேட்டாள். ரேடியோ இதுவரை கேட்டிராத மெதுவில் கேட்டாள்.

அவர் கடைக்குட்டியின் அமைப்பைத் திறந்தார். டெம்ப் ஃபோல்டர் எங்கே என்று அதில் ஒரு வரி இருந்தது. பாப்பாவின் அமைப்பைத் திறந்தார். அதே வரி. அச்சு அசலாக, எழுத்து மாறாமல் அதே இடம். காப்பி எடுத்தபோது கூடவே வந்தது, மாற்ற மறந்தது. பாப்பாவும் கடைக்குட்டியும் இத்தனை நாளாகச் சாவியை ஒரே இடத்தில், ஒரே பெயரில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேறு நேரத்தில் ஓடினால் வம்பில்லை. பச்சையும் நீலமும் ஒரே சமயத்தில் அந்த இரண்டு பேர் கையிலும் மாட்டினால் மட்டும், யார் கடைசியாக வைத்தார்களோ அவர்கள் சாவி இரண்டு பொட்டலத்துக்குள்ளும் போகும். எப்போதாவது நடக்கும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

மூக்கி சொல்லாமலே அவர் இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். பொட்டலங்கள் வந்தன. பச்சையைப் பிரித்தார்.

உள்ளே நீலச் சாவி.

"நானா?" என்றார் மெஷின்காரர். யாரையும் கேட்கவில்லை. "நானா மேடம்?"

தனக்குத் தெரிந்த நகைச்சுவையெல்லாம் ரேடியோவுக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து, ஒன்றும் உதவவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மேனேஜர் வந்து பார்த்தார். இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். இரண்டு தடவையும் சாவி மாறியது. "எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு" என்று சொல்ல அவருக்கு எப்படித்தான் நாக்கு புரண்டதோ! புகார் வேண்டாம் என்று ஃபோனில் சொன்னார். நீலக் கிடங்கின் பூட்டுகளையெல்லாம் மாற்றித் தரச் சொன்னார். அந்தப் பெண் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார். நடந்ததற்கு வருத்தம் என்பதைத் தன் சார்பில் அவர்களே சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். தான் சொன்னால் நன்றாயிருக்காதாம்.

டாக்ஸியில் ஏறியதும் மெஷின்காரருக்கு உயிர் வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகப் பேசிக்கொண்டே வந்தார். "போலீஸ் இல்ல. வேலையும் திரும்பக் கெடச்சிருச்சு. நானே சொல்லிடுறேன் மேடம், நான்தான் காரணம்னு. திட்டுவா. நல்லா திட்டட்டும். திட்டினா தேவல. பாப்பாவோட பை, துணியெல்லாம் இதுலயே ஏத்திக்கலாம்ல? டிக்கி காலியா இருக்குல்ல?"

"ஒரு வீட்டையே ஏத்தலாம் சார்" என்றான் ரேடியோ. பின்சீட்டில் மூக்கி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா உம்முனு வர்றீங்க? ஜெயிச்சிருக்கோம்."

"கேஸ் ஜெயிச்சிருச்சு" என்றாள் மூக்கி.

அண்ணன் வீடு அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கதவைத் திறந்த அண்ணன் மெஷின்காரரைப் பார்த்ததும் வாங்க மாப்பிள்ளை என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நிலைக்கு நடுவில் நின்றுகொண்டார். எந்த ஊராக இருந்தாலும் தங்கைகளின் அண்ணன்களுக்கு அப்படி நிற்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"விடுண்ணா, நான் பேசிக்கிறேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் ஒதுங்கினார். அவள் குழந்தையின் தட்டைக் கழுவிய ஈரக் கையோடு வந்து நின்றாள். ரேடியோ கற்பனை செய்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். பலநாள் தூங்காத கண்.

மெஷின்காரர் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூட மெழுகவில்லை. காப்பி எடுத்ததைச் சொன்னார், மறந்த வரியைச் சொன்னார். புகார் இல்லை, வேலை இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அவள் நிலையில் சாய்ந்துகொண்டாள். "பாப்பான்னா பேர் வெச்சீங்க?"

"ஆமா."

"எனக்காகவா?"

"நீ அழுதியே அன்னிக்கு."

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், கண்ணில் நீரோடு. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ரேடியோவுக்கு நிம்மதியாக இருந்தது. டாக்ஸி டிக்கியில் எதை முதலில் ஏற்றுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அந்த மேடம் கேட்டதும் இன்னிக்குத் தொறந்து பாத்தீங்கல்ல? எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டாள் அவள்.

"கொஞ்ச நேரந்தான்."

"ஒரு டீ ஆறுற நேரம்?"

"அதுகூட இல்லம்மா."

"அன்னிக்கு நான் கேட்டேனே."

மெஷின்காரரின் கை தள்ளிப் போட்ட பித்தானைத் தேடியது.

"நீங்க மறந்ததுக்கு எனக்குக் கோவமே இல்ல. நல்லதுக்குப் பண்ணி தப்பாப் போச்சு, யாருக்கும் நடக்கும். அந்த ரூம்ல எல்லாரும் என்னத் திருடியப் பாக்குற மாதிரி பாத்துட்டிருந்தாங்க. நான் அவங்க யாரையும் பாக்கல, உங்களத்தான் பாத்தேன். கலக்க வாய்ப்பே இல்லன்னு சொன்னீங்க. கலக்கலன்னா நான் எடுத்தேன்னுதானே அர்த்தம்? அது உங்களுக்குத் தெரியாதா?"

"நீ எடுத்திருப்பேன்னு நான் ஒரு நிமிஷம்கூட நெனைக்கல. அதனாலதானே இவங்ககிட்ட போனேன். நீ நல்லவன்னு நிரூபிக்கத்தான்…"

"நிரூபிக்க" என்று அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். கோபமாக இல்லை, எங்கோ வலி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல. "என்ன முழுசா நம்பியிருந்தா, வேற எங்கயோ தப்பு இருக்குன்னு தோணியிருக்கும்ல? ஓடிப்போய் அந்த மெஷினப் பிரிச்சுப் போட்டிருப்பீங்கல்ல? உங்களுக்கு அது மேல சந்தேகமே வரல. இவங்க யாரோ ரெண்டு பேரு, என் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. இவங்களுக்கு வந்துச்சு."

மூக்கி தலையைக் குனிந்துகொண்டாள். இதை மெஷின் அறைக்குப் போகும்போதே அவள் மோப்பம் பிடித்திருந்தாள் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன வேணும்னாலும் பண்றேன்" என்றார் மெஷின்காரர். "வேலைய விட்டுடுறேன். வா. வீட்டுக்கு வா."

"வேலைய விடாதீங்க. நல்லாத்தான் பாக்குறீங்க." ஈரம் காய்ந்துவிட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உங்கள வெறுக்கல நான். வெறுத்தா சுலபமா இருந்திருக்கும். ஆனா இனிமே ஏதாவது ஒண்ணுன்னா நான் உங்க முகத்தப் பாக்க மாட்டேன். பாக்கத் தோணாது. அப்படி ஒரு வீட்ல எப்படி இருக்கிறது, சொல்லுங்க."

அப்போது உள்ளேயிருந்து திமுதிமுவென்று ஓடி வந்தது குழந்தை. ஒரு கையில் கிரேயான், கன்னத்தில் அதன் சிவப்பு. "அப்பா!" என்று வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் குனிந்து அதன் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. அண்ணன்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா கிளம்புறாங்கடா. டாட்டா சொல்லு" என்றாள் அவள்.

குழந்தை நிமிர்ந்தது. "எங்க போறாங்க?"

"வீட்டுக்கு."

குழந்தை அப்பாவைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பெரியவர்கள் சொல்லும் கணக்கு சரியாக வரவில்லை என்று தெரிந்த முகம்.

"அப்ப நாம?"